தூசி தட்டிய பிறகு ஃபேன் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது?

அடுத்த கேள்வி, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அனுப்பியது. அப்படியே படிக்கிறேன். "அண்ணா, என் லேப்டாப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சூடு அதிகமாக இருந்ததால் வீட்டிலேயே கழற்றித் தூசி எடுத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவி மூடினேன். இப்போது பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்தில் லேப்டாப்பே அணைந்துவிடுகிறது. புது ஃபேன் வாங்கிப் போட்டும் அதே நிலைதான். மதர்போர்டு போய்விட்டதா?"

தம்பி, அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். திறப்பதற்கு முன் ஃபேன் சுற்றியது, மூடிய பின் சுற்றவில்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கை பட்ட இடங்களைத்தான். பேட்டரி இணைப்பு, ஃபேன் கனெக்டர், ஹீட் சிங்க் (பிராசசரின் சூட்டை வாங்கிக் கடத்தும் உலோகத் தகடு), இரண்டுக்கும் இடையே தடவும் பேஸ்ட், கீழ் மூடி. இவற்றைத் திரும்பிப் பார்க்காமல் புதுப் பாகம் வாங்குவது, வீட்டுக்குள் தொலைத்த சாவிக்காகப் பூட்டையே மாற்றுவது போன்றது. உங்களைக் கடிந்துகொள்வதாக நினைக்க வேண்டாம். நீங்களே துணிந்து திறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாணவர் ஒருவரின் பணம் இப்படி வீணாவது வருத்தமாக இருக்கிறது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபேன் உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது தேவையில்லை என்று சும்மா இருக்கிறதா? இப்போதைய லேப்டாப்கள் பல, சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுவதுமாக நிறுத்திவைக்கும். தொடக்கத்தில் ஒரு நொடி சுற்றிவிட்டு நிற்பது அவற்றுக்கு இயல்பு. ஆகவே கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளை நிறுவி, பிராசசரின் வெப்பநிலையைப் பார்த்தபடி கனமான வேலை ஒன்றை ஓட விடுங்கள். 80 டிகிரியைத் தாண்டியும் ஃபேன் அசையவில்லை என்றால் அது கோளாறுதான். பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரி எல்லை. ஏஎம்டி ரைசனில் பலவற்றுக்கு 95. அந்த எல்லையை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் தெரிகிறது.

வெப்பநிலை எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். வேலை கொடுத்த இரண்டு மூன்று நொடிகளில் 50இலிருந்து 95க்குத் தாவினால், சூடு ஹீட் சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. பேஸ்டிலோ திருகுகளிலோ பிழை. நிமிடக்கணக்கில் மெதுவாக ஏறினால், சூடு ஹீட் சிங்க் வரை வந்துவிட்டது, அதை வெளியே தள்ளக் காற்றில்லை. அப்போது ஃபேனைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் பேஸ்ட் ஓரளவு சரியாகவே உட்கார்ந்திருக்கிறது என்று கருதுகிறேன்.

இனி ஃபேனுக்கு வருவோம். லேப்டாப் ஃபேன்களில் பெரும்பாலும் நான்கு கம்பிகள் இருக்கும். ஒன்று மின்சாரம் கொண்டு வருவது, ஒன்று கிரவுண்டு. மூன்றாவது, ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குத் திருப்பிச் சொல்வது. நான்காவது, எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று மதர்போர்டு ஃபேனுக்குச் சொல்வது. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும்தான் முதல் இரண்டு. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடும். கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் முதல் இரண்டில் ஒன்று. எந்நேரமும் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருந்தால், கட்டளை வரும் நான்காவது கம்பியைப் பாருங்கள். கட்டளை கிடைக்காத ஃபேன் பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும். கண்ணெதிரே சுற்றுகிறது, ஆனாலும் திரையில் ஃபேன் பிழை என்று வருகிறது என்றால் மூன்றாவது கம்பி. ஹெச்பி லேப்டாப்களில் 90பி என்ற எண்ணோடு வரும் எச்சரிக்கை, திங்க்பேடில் ஃபேன் எரர் என்று வருவது, எல்லாம் இந்தத் தகவல் சரியாகக் கிடைக்காதபோது வருபவையே.

உங்கள் ஃபேன் ஒரு நொடி சுற்றுகிறது. அதனால் மின்சாரமும் கிரவுண்டும் வந்து சேர்கின்றன, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. புது ஃபேனும் அதையே செய்கிறது என்பதால் பழைய ஃபேனின் மேல் பழி போட முடியாது. மற்ற இரண்டு கம்பிகளும் சரியாகச் சேர்கின்றனவா என்று அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் கனெக்டர்தான். கழற்றும்போது எப்படிக் கழற்றினீர்கள்? கம்பிகளைப் பிடித்து இழுத்தீர்களா? பலரும் அங்கேதான் தவறுகிறார்கள். அந்தக் கனெக்டரின் வெள்ளை உறையை நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ இரு ஓரங்களிலும் மாறி மாறி நெம்பி எடுக்க வேண்டும். கம்பியை இழுத்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய உலோக ஊசி (பின்) இடம் விட்டு நகர்ந்துவிடும். போர்டில் இருக்கும் சாக்கெட்டே ஒரு பக்கம் பெயர்ந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு. நல்ல வெளிச்சத்தில், செல்போன் கேமராவைப் பெரிதாக்கி, சாக்கெட்டில் எல்லாப் பின்களும் நேராக இருக்கின்றனவா, கனெக்டர் முழுவதும் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மாட்டியது போலவே தோன்றும், அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.

கையோடு புது ஃபேனின் லேபிளையும் பாருங்கள். 5 வோல்ட் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சில கேமிங் லேப்டாப்களில் 12 வோல்ட் ஃபேன் வரும். லேப்டாப்பின் மாடல் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. பழைய ஃபேனின் பாக எண்ணும் கம்பிகளின் வரிசையும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாது என்று தெரிந்தால் பழையதையே மாட்டிச் சோதியுங்கள்.

இதில் கைவைப்பதற்கு முன் சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். இதை நான் ஆயிரம் முறை சொன்னாலும் போதாது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது ஃபேனைக் கழற்றி மாட்டினால், ஒரு சிறு உரசலில் போர்டில் ஒரு பாகம் எரிந்துவிடலாம். அதன் பிறகுதான் உண்மையாகவே மதர்போர்டு வேலை வரும். பேட்டரியைக் கழற்றியபின் பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்து, ஃபேனைக் கட்டுப்படுத்தும் சிப் புதிதாகத் தொடங்கும். சில சமயம் இது ஒன்றே போதுமானதாக இருக்கும்.

பேஸ்ட் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீட் சிங்கின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் இருக்கும். அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒன்றையே முழுவதும் முறுக்கினால் தகடு சாய்ந்துவிடும். பேஸ்ட் இருந்த இடத்தில் பேஸ்ட், பேட் (சூட்டைக் கடத்தும் மென்மையான ரப்பர் போன்ற துண்டு) இருந்த இடத்தில் பேட். ஒரு மில்லிமீட்டர் பேட் இருந்த இடத்தில் ஒன்றரை வைத்தால் ஹீட் சிங்க் தூக்கி நிற்கும், பிராசசரைத் தொடாது. ஒரு பள்ளி ஆசிரியை கொண்டுவந்த லேப்டாப்பில் புது பேடின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே ஒட்டியிருந்தார்கள். அதை உரித்ததும் சரியாகிவிட்டது.

புளோயர் வைத்துத் தூசி ஊதியிருந்தால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அப்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டீர்களா? பிடிக்காமல் ஊதினால் அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். கரகர சத்தம் அப்படித்தான் தொடங்குகிறது. அதற்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மூடியைப் போட்டால் மட்டும் சத்தம் வருகிறது என்றால் அது பேரிங் அல்ல. ஏதாவது ஒரு கம்பி தன் பள்ளத்திலிருந்து நழுவி இறக்கைகளில் உரசுகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஃபேன் நின்றால், சாக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும், அல்லது ஃபேன் கட்டுப்பாட்டுப் பகுதியில் கோளாறு. அது சூடான காற்றும் நுண்ணோக்கியும் வைத்துச் செய்யும் வேலை. அதை வீட்டில் முயலாதீர்கள். கடைக்காரரிடம் "ஃபேன் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இரண்டு ஃபேன்களும் ஒரு நொடி சுற்றி நிற்கின்றன, கனெக்டரைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அதுவரை அந்த லேப்டாப்பில் நீண்ட நேரம் வேலை செய்ய வேண்டாம். கல்லூரிப் பாடங்கள் இருந்தால் இன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.