‘ரன்’: ஒரு சொல்லுக்கு 645 பொருள்

[திரையில்: ‘ரன்’ என்ற சொல் மட்டும்]

வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு வினைச்சொல்லை ஆராய்ந்து எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன. 2011-இல் வெளியான கணக்குப்படி அதற்கு 645 பொருள்கள். 1928-இல் நிறைவடைந்த முதல் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது.

‘ரன்’ முந்தியதற்கு இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம். மனிதன் ஓடுவதற்கும் ஆறு ஓடுவதற்கும் இருந்த பழைய சொல்லை எஞ்சினும் ரயிலும் எடுத்துக்கொண்டன. பிறகு கணினி நிரல்களும்.

இதுவரை தமிழருக்குச் சிரமமே இல்லை. நமக்கும் ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. நம்முடைய ‘ஓடு’ எங்கே நின்றுவிடுகிறதோ, அங்கேதான் கவனம் தேவை.

[திரையில்: ‘ஷி ரன்ஸ் அ பேக்கரி’]

இவர் பேக்கரியை நோக்கி ஓடவில்லை, அதை நடத்துகிறார். ஆங்கிலம் ஓடவிடும் கடையைத் தமிழ் நடக்கவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது. தேர்தலைப் பாருங்கள்: அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறார் என்றே சொல்கிறோம். இந்த ஒன்றில் நம் வழக்கு லண்டன் பக்கம்.

[திரையில்: மூக்கு, சட்டை, வெப்பமானி]

மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது. சட்டையின் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. ஒருவர் ‘ரன்னிங் அ டெம்பரேச்சர்’ என்றால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

பின்னால் ஒட்டும் சிறு சொல் பொருளையே மாற்றிவிடும். ‘ரன் அவுட் ஆஃப் சுகர்’ என்றால் சர்க்கரை தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் ‘ரன் அவுட்’டுக்கும் இதற்கும் உறவில்லை. ‘ரன் இன்டு அ ஃபிரெண்ட்’ என்றால் நண்பரை எதிர்பாராமல் சந்தித்தல். நண்பர் இருந்த இடத்தில் மரத்தை வையுங்கள்: வண்டி மரத்தில் மோதிவிட்டது!

ஆகவே 645 பொருள்களையும் மனப்பாடம் செய்யாதீர்கள். எது ‘ரன்’ ஆகிறது, எதை ‘ரன்’ செய்கிறார்கள், பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது நீங்களே முயலுங்கள்.

[திரையில்: ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’]

பாட்டிக்குச் சுருள் முடி, அம்மாவுக்கும் சுருள் முடி, மகளுக்கும் அதே. உங்கள் தமிழை எழுதி அனுப்புங்கள்.