வின்செஸ்டர் 1894-க்கு ரியர் சைட் மாத்துறது: முதல்ல அளக்கற காலிப்பர், அப்புறம் சுத்தி

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு மேஜை மேல இருக்கறது வின்செஸ்டர் 1894. ரைஃபிள் மாடல், 26 இன்ச் எண்கோண பேரல், .38-55 காலிபர் (தோட்டா அளவு). ஜான் பிரவுனிங் வடிவமைச்சு, கனெக்டிகட்ல நியூ ஹேவன் ஃபேக்டரியில செஞ்ச துப்பாக்கி. இதுல பழைய ரியர் சைட், அதாவது குறி பாக்க கண்ணுக்குப் பக்கத்துல இருக்கற பாகம், இல்லை. யாரோ வேற ஒரு சைட்டை அடிச்சு இறக்கியிருக்காங்க. எலிவேட்டர் (சைட்டை ஏத்தி இறக்கற படி வச்ச துண்டு) ரொம்பத் தாழ்ந்த படியில கிடக்குது, அப்பவும் 50 கஜத்துல குண்டு மேலதான் போகுது. பழைய லீவர் ஆக்‌ஷன் வச்சிருக்கறவங்ககிட்ட அடிக்கடி கேக்கற புகார் இது.

எதையும் தொடறதுக்கு முன்னாடி லீவரை முழுசா இறக்குங்க. தோட்டா உக்கார்ற சேம்பரைக் கண்ணால பாருங்க, சுண்டு விரலை விட்டும் பாருங்க. ட்யூப் மேகசின்ல ஒரு தோட்டா சிக்கிக்கிட்டு வெளிய வராம இருக்கலாம். அதனால தோட்டாவைத் தள்ற ஃபாலோவர் கண்ணுக்குத் தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் படத்தைப் பாத்து சைட் வாங்கறாங்க. பக்ஹார்ன் (ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி வளைஞ்ச சைட்) அழகா இருக்கு, அதையே போடுவோம்னு. சைட்டைத் தீர்மானிக்கறது அதோட அழகு இல்லை, மூணு அளவுதான்: காடியோட (சைட் உக்கார பேரல்ல வெட்டின பள்ளம்) அகலமும் ஆழமும், பேரல் அந்த இடத்துல எவ்வளவு தடிமன், வாய்ப்பக்கம் இருக்கற ஃபிரண்ட் சைட் எவ்வளவு உயரம்.

காடியை எடுத்துக்குவோம். டவ்டெயில் காடி, அதாவது மேல குறுகி அடியில அகலமானது, பக்கச் சரிவு 60 டிகிரி. வின்செஸ்டர், மார்லின் ரெண்டுக்கும் பொதுவான அளவு 3/8 இன்ச், அதாவது 0.375. ஆழம் சுமார் 0.090. ஆனா நூத்திச் சொச்சம் வருஷத்துல எத்தனை கை பட்டிருக்கும்னு தெரியாது, அதனால உங்க துப்பாக்கியை நீங்களே காலிப்பரால அளங்க. இத்தாலி ரெப்ளிகாவுக்குன்னு (நகல் துப்பாக்கி) வர்ற சைட்டோட அடிப்பாகம் இந்த அளவுலதான் இருக்கும்னு நம்பி வாங்காதீங்க.

அடுத்தது உயரம். இதைக் கொஞ்சம் நிதானமா பாப்போம், தப்பு நடக்கறதே இங்கதான். எண்கோண பேரல் வாய்ப்பக்கம் போகப்போக மெலிஞ்சுக்கிட்டே போகும். அதனால ரெண்டு சைட்டோட உயரத்தையும் பேரல் மேல்பரப்புல இருந்து அளந்து ஒப்பிட்டா கணக்கு உதைக்கும். துளையோட நடுக்கோட்டுல இருந்து எண்ணணும். உதாரணத்துக்கு, வாய்ப்பக்கம் பேரல் 0.720 இன்ச்னு வைங்க. பாதி 0.360. ஃபிரண்ட் சைட் பேரல் மேல 0.400 நிக்குது. கூட்டினா 0.760. ரியர் சைட் இடத்துல பேரல் 0.840, பாதி 0.420. ரெண்டு சைட்டும் துளைக்கு இணையா நிக்கணும்னா ரியர் நாட்ச்சோட (குறி பாக்கற வெட்டு) அடி பேரல் மேல 0.340 இருக்கணும்.

இணையா இருந்தா மட்டும் போதாது. குண்டு போகப்போகக் கீழ இறங்கும். கறுப்பு வெடிமருந்துக் காலத்து வேகம், நொடிக்கு 1,300 அடி அளவுன்னா, 50 கஜத்துல ஏறக்குறைய 3 இன்ச் இறங்கிடும். அதோட, நாம பாக்கற கோடு துளைக்கு முக்கால் இன்ச் மேல இருக்கு. ரெண்டையும் சேத்தா மூணரை இன்ச்சுக்கு மேல. ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 20 இன்ச் தூரம்னா, ரியர் இன்னும் 0.040 உயரணும். ஆக 0.380. இது ஆரம்ப எண். ரீகாயில் பேரலை எப்படித் தூக்குதுங்கறதைப் பொறுத்து முன்னப்பின்ன ஆகும். ஆனா கடையில ‘இது 0.500 உயரம்’னு எழுதியிருந்தா, அது நமக்கு ஆகாதுன்னு காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

மேஜையில இருக்கற துப்பாக்கியோட நோய் அதுதான். சைட்டோட தாழ்ந்த நிலையே நமக்கு வேண்டிய உயரத்தைத் தாண்டியிருக்கு. கணக்கு இதோ: 50 கஜம்னா 1,800 இன்ச். குண்டு 6 இன்ச் மேல விழுது. 6-ஐ 20-ஆல பெருக்கி 1,800-ஆல வகுங்க, 0.067. ரியர் சைட் அவ்வளவு இறங்கணும், இல்ல ஃபிரண்ட் சைட் அவ்வளவு ஏறணும். குண்டு எந்தப் பக்கம் நகரணுமோ அந்தப் பக்கம் ரியரை நகத்துங்க, ஃபிரண்ட்னா எதிர்ப்பக்கம். இடம் வலத்துக்கும் இதே கணக்குதான்.

ஃபிரண்ட் சைட்டை மாத்தறதா இருந்தா, வேணும்னே கொஞ்சம் உயரமானதா வாங்குங்க. உயரமா இருந்தா குண்டு கீழ விழும், அரத்தால கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு மேல கொண்டு வரலாம். அளவுக்கு மேல தேய்ச்சுட்டா திரும்ப வளக்க முடியாது. அப்புறம் ஒரிஜினல் ஃபிரண்ட் சைட்டைத் தேய்க்காதீங்க. அதைக் கழட்டிப் பத்திரமா வச்சுட்டு, புதுசைத் தேயுங்க.

என்ன வகை வாங்கறது? என் கருத்தைச் சொல்றேன். முழு பக்ஹார்னோட கொம்பு ரெண்டும் குறியையே மறைச்சுடும். கொம்பு குட்டையான செமி-பக்ஹார்ன் பரவாயில்லை. வெறும் குறிதான் முக்கியம்னா கொம்பே இல்லாத ஃபிளாட்-டாப் போதும், உயரமும் குறைவு. காலத்துக்கு ஒத்ததா வேணும்னா, ரைஃபிளுக்கு ஸ்போர்ட்டிங் ரியர் சைட், ஏணி மாதிரி நிமிர்ற லேடர் சைட் பெரும்பாலும் கார்பைனுக்கு (குட்டைப் பேரல் மாடல்). 20 இன்ச் கார்பைன்ல இருந்து கழட்டின லேடரை 26 இன்ச் ரைஃபிள்ல பாத்தா விஷயம் தெரிஞ்சவங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. வயோமிங் மாநிலம் கோடி ஊர்ல இருக்கற ஃபயர்ஆம்ஸ் மியூசியத்துல வின்செஸ்டர் ஃபேக்டரி பதிவேடுகள் இருக்கு. ஆரம்பக் காலத்து சீரியல் நம்பர்னா பணம் கட்டி லெட்டர் வாங்கலாம். காலிபர், பேரல் வகை, தேதி வரும். ஸ்பெஷலா ஆர்டர் பண்ணின சைட்டும் சில சமயம் பதிவாகியிருக்கும்.

சரி, கழட்டுவோம். மரத் தாடை வச்ச வைஸ்ல, பேரல் மேல தோலைப் போத்தி, பேரலோட பக்கவாட்டுப் பட்டையைப் பிடிங்க, காடிக்குப் பக்கத்துலயே. ரிசீவரையோ (லீவர் இயங்கற நடுப் பெட்டி) மேகசின் ட்யூபையோ பிடிக்காதீங்க, ட்யூப் நசுங்கும். தள்ளிப் பிடிச்சா பேரல் அதிரும், அடியோட பலம் அதுலயே போயிடும். துரு இளக்குற எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி விடுங்க. எலிவேட்டரை உருவி எடுத்துடுங்க. காடியைச் சுத்தி பேரல் மேல ரெண்டு அடுக்கு டேப் ஒட்டுங்க.

வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பாக்கற மாதிரி நின்னா, அடிக்கறது இடத்துல இருந்து வலத்துக்கு. புதுசு ஏத்தறது வலத்துல இருந்து இடத்துக்கு. இது அமெரிக்கத் துப்பாக்கியில வழக்கம். நகரவே இல்லைன்னா வெறியா அடிக்காதீங்க, முன்னாடி கை வச்சவர் எதிர்ப்பக்கமா ஏத்தியிருக்கலாம். எந்த ஓரத்துல உலோகம் பிதுங்கியிருக்குன்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. பித்தளை பஞ்ச், முனை சப்பையா இருக்கணும், சைட்டோட அடிப்பாகத்துல பேரலை ஒட்டி வைங்க. மேல லீஃப்ல, அதாவது நாட்ச் இருக்கற தகட்டுல, அடிச்சா அது வளையும். அது ஸ்பிரிங் ஸ்டீல், திரும்ப நிமித்தப் போனா விரிசல் விடும்.

புது சைட் கையால தள்ளினா மூணுல ஒரு பங்கு உள்ள போகணும், அப்புறம் சின்னச் சின்னத் தட்டு. பாதிக்கு மேல கையாலயே போனா லூஸ். நுனியே ஏறலைன்னா டைட். டைட்டா இருக்கும்போது தேய்க்க வேண்டியது சைட்டைத்தான், காடியை இல்லை. இதுல எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசு வராது. காடியைப் பெருசாக்கிட்டா அப்புறம் எந்த ஸ்டாண்டர்டு சைட்டும் அதுல நிக்காது, துப்பாக்கியோட மதிப்பும் போச்சு. ஒரு சைட்டை வீணாக்கினா வேற வாங்கலாம், 1890-கள்ல செஞ்ச பேரலை எங்க போய் வாங்கறது?

சைட்டோட அடியில மார்க்கர் பூசி, கொஞ்சம் ஏத்தி, திரும்ப எடுங்க. மை உரிஞ்ச இடத்துலதான் இடிக்குது. அங்க மட்டும் தேயுங்க. அடிப்பரப்பைத் தேய்ச்சாலே அகலமும் சேந்து குறையும், சரிவு கெடாது. சரிவுப் பக்கத்தைத் தேய்க்கணும்னா, ஒரு முகத்துல பல்லை மழிச்ச முக்கோண அரம் வேணும். ரெண்டு இழுப்பு, அப்புறம் திரும்ப மை. அவசரப்பட்டா ஒரே நிமிஷத்துல லூஸாயிடும்.

லூஸா இருந்தா, காடியோட உதட்டைச் சுத்தியால தட்டி மூடுறது பழைய வழக்கம். அந்தத் தழும்பு எப்பவும் போகாது. அதுக்குப் பதிலா 0.002 இன்ச் பித்தளைத் தகட்டை அடியில வச்சு ஏத்துங்க. வேணும்னா நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு.

மாட்டினதும் லீஃபைப் பாருங்க. அது எலிவேட்டரை அழுத்திப் பிடிக்கணும். விரலால அசைச்சா எலிவேட்டர் ஆடுச்சுன்னா, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு படி நகந்துடும், குண்டு விழற இடம் சிதறும், நீங்க தோட்டாவைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க. எலிவேட்டரும் அந்த சைட்டுக்கு ஏத்ததா இருக்கணும். படியோட உயரம் சைட்டுக்கு சைட் மாறும்.

டேங் சைட் (ரிசீவருக்குப் பின்னால நீளற வால் பட்டையில மாட்டறது) போட நினைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்கு நாட்ச் மங்கலாத் தெரியற வயசுல லைமன் கம்பெனியோடது மாதிரி துளை சைட் நிஜமாவே உதவும். டேங்ல ஃபேக்டரி ஓட்டை இருந்தா மட்டும் மாட்டுங்க, புதுசா ட்ரில் போடாதீங்க. அப்ப பேரல் சைட்டை எடுத்துட்டு காடியை மூடற ஒரு பிளாங்க் ஏத்துங்க, இல்லைன்னா பார்வையை மறிக்கும்.

சுட்டுப் பாக்கறப்ப மூணு மூணா சுடுங்க, ஒவ்வொரு தடவையும் மேல சொன்ன கணக்கைப் போட்டுட்டு நகத்துங்க. பழைய பேரலுக்கு ஏத்த தோட்டாதானான்னு முதல்ல துப்பாக்கி ரிப்பேர் தெரிஞ்சவர்கிட்ட காட்டிடுங்க. இடம் அமைஞ்சதும் சைட்டுக்கும் பேரலுக்கும் குறுக்க பென்சிலால ஒரு கோடு போடுங்க, உளியால கீறாதீங்க. நகந்தா தெரியும்.

உங்க துப்பாக்கியைப் பத்திக் கேக்கறவங்க காடி அகலம், ரெண்டு இடத்துல பேரல் தடிமன், ஃபிரண்ட் சைட் உயரம், எத்தனை கஜத்துல குண்டு எங்க விழுதுன்னு எழுதுங்க. அது இருந்தா என்ன உயரத்துல சைட் வாங்கணும்னு சொல்லிடறேன்.