தீவுக்குப் போகல, ஏற்காட்டுக்கு வந்தோம் | ஷூட்டிங் முதல் நாள்

வணக்கம்ங்க. மெதுவாத்தான் பேசுவேன், பக்கத்து ரூம்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. மணி ஒன்பதரைதான் ஆகுது, ஆனா விடியக்காலம் ரெண்டரைக்கு எந்திரிச்ச கூட்டம். இது ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்டோட லைன் வீடு, வேலை செய்யறவங்களுக்கு வரிசையாக் கட்டின வீடு. எங்க குறும்படத்துக்கு இன்னிக்கு முதல் நாள். நான் இந்தப் படத்துக்கு சவுண்டு.

கதை ஒரு தீவுல நடக்குது. கலங்கரை விளக்கத்தைப் பாத்துக்கற ஒரு பெரியவர், தனி ஆளு. சேலத்துல படிக்கற எட்டுப் பேரு கடலுக்கு எங்க போறது? மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு. ஆனா அது தேசியப் பூங்கா, நினைச்சப்ப போய் இறங்கிட முடியாது. இறங்கவும் கூடாதுங்க, சுத்தி பவளப்பாறை. அந்தமானுக்கு சென்னையிலேருந்து கப்பல்ல ஏறினா மூணு நாளு. எங்க கையில இருந்தது வேன் வாடகையும் சோத்துச் செலவும்தான்.

அப்பதான் டைரக்டர் அக்கா கேட்டாங்க, "தம்பி, மார்கழி மாசம் விடியறப்ப ஏற்காடு பகோடா பாயின்ட்ல நின்னு கீழ பாத்திருக்கியா?"ன்னு. ராத்திரி குளுந்த காத்து பள்ளத்துல இறங்கித் தங்கிரும். ஈரமெல்லாம் அங்கயே மேகமாத் திரண்டு நிக்கும். மேலேருந்து பாத்தா ஊரே இருக்காது. வெள்ளையா ஒரு கடலு, நடுவுல மலைத்தலை மட்டும் தீவு தீவா. எங்களுக்கு அதுதான் வேணும்னு முடிவாச்சு.

வர்ற வழியில, ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுகிட்ட வண்டிய நிறுத்தச் சொன்னேன். 1935-ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச கம்பெனி. ஒரு அரபு நாட்டுக் கதையை எடுத்து, 1956-ல தமிழுக்கு முதல் முழுநீளக் கலர் படத்தைக் குடுத்தவங்க. அரபு தேசமே சேலத்துக்காரங்க கைக்கு வந்திருக்கு, எங்களுக்கு ஒரு தீவு வராதா? அந்த இருட்டுல சூடம் கொளுத்தி, கிளாப் போர்டுக்குப் பொட்டு வச்சுட்டுத்தான் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம்.

எஸ்டேட்காரர் அவரோட நிலத்துல இருக்கற பாறைமேல எடுத்துக்கச் சொல்லிட்டாரு. ஆறரைக்கு முதல் ஷாட். பெரியவர் முதுகு, அதுக்கு அப்பால கடலு. யாருமே பேசலைங்க. நாலு டேக் போச்சு. வெயில் பட்டதும் கீழ இருந்த மேகம் எந்திரிச்சு மேல வர ஆரம்பிச்சுது. பத்தே நிமிஷம், பத்தடியில நிக்கற ஆளு தெரியல. வைடு ஷாட்டுல தெளிவான வானம், க்ளோசப்புல வெறும் வெள்ளை, கன்டினியுட்டி போச்சு. அக்கா பாறைமேலயே உக்காந்து பேப்பர்ல ரெண்டு வரி மாத்தி எழுதினாங்க. இப்பக் கதையில கடலே தீவுமேல ஏறி வருது. முன்ன எழுதினதவிட இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

குளிருக்கு எல்லாரும் டீ போடற ரூமுக்குள்ள ஓடினோம். சில்லுன்னு இருந்த கேமராவை அந்தச் சூட்டுக்குள்ள கொண்டுவந்ததும் லென்ஸ் பூரா வேர்த்துப் போச்சு. பையில போட்டு மூடி, அரைமணி நேரம் தொடாம வச்சோம்.

அந்த அரைமணி நேரம்தான் என்னோட நாளு. ரெண்டு மாசமா எனக்கு ஒரே கவலை, அலைச் சத்தத்துக்கு எங்க போறதுன்னு. இன்டர்நெட்ல கிடைக்கறதைப் போட எனக்கு மனசு வரல. வெளிய ஹெட்போனை மாட்டி நிக்கறேன், காபிக்கு நிழல் தர்ற சில்வர் ஓக் மரத்துல காத்து விழுது. தூரத்துல கிளம்பி, கிட்ட வந்து, தலைக்கு மேல உடைஞ்சு, அடங்குது. அலைங்க அது! காத்து நேரா மைக்குல அடிக்காம இருக்க முடி வச்ச கவர் மாட்டி, மரத்துக்குக் கீழ ஒண்ணு, அம்பதடி தள்ளி ஒண்ணுன்னு எடுத்தேன்.

ஆனா அலை திரும்பிப் போறப்ப கூழாங்கல்ல இழுத்துட்டுப் போற ஒரு சரசரப்பு இருக்கும்ல, அது இல்ல. களத்துப் பக்கம் போனா ஒரு அம்மா காயற காபிக்கொட்டையைப் பலகையால இழுத்து விடறாங்க. நான் அப்படியே நின்னுட்டேன். "இன்னொரு தடவை இழுங்கம்மா, மெதுவா"ன்னு கேட்டேன். எதுக்குன்னு கூடக் கேக்காம பதினஞ்சு தடவை இழுத்துக் குடுத்தாங்க. பேரு போடறப்ப அவங்க பேரும் வரும்.

ரெண்டையும் சேத்து வச்சிருக்கேன், இப்பப் போடறேன், ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. 22-வது செகண்டுல ஒரு கொண்டைக்குருவி கத்தும். கடலுக்கு நடுவுல அது எப்படி வரும், அதை மட்டும் நாளைக்கு வெட்டணும்.