இந்த மீன் கெளுத்தியா, இல்லையா? அமெரிக்கா சொன்ன ரெண்டு பதில்!

[திரையில்: மீன் முகம், குளோசப்]

மீசையப் பாருங்க. உடம்புல செதிலே கிடையாது. நம்ம மீன் மார்க்கெட்ல யார்கிட்ட காட்டினாலும் 'கெளுத்தி வகை'ன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவாங்க. ஆனா 2002-ல அமெரிக்கா சட்டமே போட்டுச்சு: இது கெளுத்தி இல்ல!

வணக்கம் மக்களே. ஹோட்டல்ல முள்ளே இல்லாம, வெள்ளை வெளேர்னு ஃபிஷ் ஃபிங்கர் வருதுல்ல? பல இடத்துல அது 'பாசா'தான். வியட்நாம்ல மீகாங் ஆத்துப் படுகையில வளர்க்கிற மீன். 1994-ல அமெரிக்கா தன் வர்த்தகத் தடைய எடுத்ததும் அங்கயும் போச்சு. விலை மலிவு. மிசிசிப்பி பக்கம் கெளுத்தி வளர்க்கிற பண்ணைக்காரங்களுக்கு வயித்துல புளியக் கரைச்சுச்சு.

உலகத்துல கெளுத்தி இனம் 3000-க்கும் மேல. அதுல 'இக்டலூரிடே'ங்கிற வட அமெரிக்கக் குடும்பத்துக்கு மட்டும்தான் 'கேட்ஃபிஷ்', அதாவது கெளுத்தின்னு லேபிள் ஒட்டலாம்னாங்க. சரி, 'பாசா', 'ட்ரா'ன்னு எங்க ஊர்ப் பேர்லயே விக்கிறோம்னு வியட்நாம் வித்துச்சு. ஜனங்க வாங்கிட்டேதான் இருந்தாங்க.

2003-ல அடுத்த ஆப்பு. அடக்க விலைக்கும் கீழ கொண்டுவந்து கொட்டுறீங்கன்னு 37-லேர்ந்து 64 சதவீதம் வரைக்கும் டம்பிங் வரி. அடக்க விலைய எப்படிக் கண்டுபிடிச்சாங்க? வியட்நாம் 'சந்தைப் பொருளாதாரம்' இல்லையாம், அதனால அவங்க நாட்டு விலை செல்லாதாம். பங்களாதேஷ் விலைய எடுத்துக் கணக்குப் போட்டாங்க! எங்க வீட்டு சாம்பாருக்கு என்ன செலவாச்சுன்னு பக்கத்து வீட்டு மளிகை பில்லப் பார்த்துச் சொல்ற கதை.

இருங்க, எனக்குப் பிடிச்ச இடமே இனிமேதான்.

2008-ல இன்னொரு சட்டம். இறால், சூரை எல்லாத்தையும் உணவு மருந்துத் துறைதான் பார்க்குது. கெளுத்திய மட்டும் தூக்கி, மாட்டிறைச்சி, கோழியெல்லாம் சோதிக்கிற விவசாயத் துறைகிட்ட குடுத்தாங்க. அங்க கெடுபிடி அதிகம். உங்க நாட்டு சோதனை முறையே எங்களுதுக்குச் சமம்னு நிரூபிக்கணும். எது கெளுத்தி? 2014 சட்டம் சொல்லுது: மொத்த கெளுத்தி வரிசையும், அதாவது எல்லாக் கெளுத்திக் குடும்பமும். பாசாவும் உள்ள!

அதாவது பேர் வைக்க கெளுத்தி இல்ல, செக்கிங்குக்கு மட்டும் கெளுத்தி. அடேங்கப்பா!

மீன்ல மிஞ்சி நிக்கிற மருந்து எச்சத்த சோதிக்கிறது நியாயம்தான், நான் இல்லைங்கல. ஆனா இந்த வேலைய விவசாயத் துறைக்குக் குடுக்காதீங்கன்னு அமெரிக்காவோட சொந்தத் தணிக்கை அமைப்பே 2012-ல எழுதிக் குடுத்துச்சு. யாரு கேட்டா? வியட்நாம் அந்தச் 'சமம்' சான்று வாங்கும்போது 2019.

உங்க ஊர்ல இந்த மீசைக்காரனுக்கு என்ன பேருன்னு கமெண்ட்ல போடுங்க. எந்தப் பேரா இருந்தாலும் ஒத்துக்கிறோம், சட்டமெல்லாம் போட மாட்டோம்.