கூட்ஸ் வண்டியில பெயிண்ட் அடிக்கறது கலையா, நாசமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரிங்க, அடுத்த கேள்விக்கு வந்துருவோம். காங்கேயத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல, காலேஜ் படிக்கறாப்ல போல. "அண்ணா, அமெரிக்காவுல கூட்ஸ் வண்டி மேல ஸ்ப்ரே பெயிண்ட்ல பெருசு பெருசா எழுத்து போடறாங்க, சில பேரு கலைங்கறாங்க, சில பேரு பொதுச்சொத்த நாசம் பண்றதுங்கறாங்க, நீங்க போர்டு எழுதற ஆளு, உங்களுக்கு என்ன தோணுது, நம்ம ஈரோடு யார்டுல மட்டும் ஏன் அப்படி ஒண்ணையும் காணோம்" அப்படின்னு.

மொதல்ல ஒண்ணு கண்ணு, அங்க அது பொதுச்சொத்தே இல்ல. அமெரிக்காவுல கூட்ஸ் ஓட்டறது அனேகமா எல்லாம் தனியார் ரயில் கம்பெனிங்க, வேகனும் நிறைய அவங்க சொந்தமில்ல, வாடகைக்கு வுடற கம்பெனிங்களோடது, அதனால ஒருத்தன் பெயிண்ட் அடிச்சா யாரு செலவு பண்ணி அழிக்கறதுன்னு அவங்களுக்குள்ளயே ஒரு இழுபறி, வண்டி ஓடுது, லோடு ஏறுது, அப்பறம் எதுக்கு காசு செலவு பண்ணோணும்னு பல பேரு கம்முன்னு விட்டர்றாங்க. அந்த விட்டுட்டதுலதான் இவ்வளவும் வளந்துச்சு.

இது புதுசும் இல்லீங்க. 1800கள் கடைசியிலயே ரயில்வேல வேல பாத்தவங்களும், டிக்கெட் இல்லாம கூட்ஸ்ல ஏறி ஊர் ஊரா வேல தேடிப் போனவங்களும் சாக்பீஸ்ல சின்னதா ஒரு படம், ஒரு புனைபேரு போட்டு வுடுவாங்க. பஸ் பிளர்ங்கற பேர்ல ஒருத்தரு, ஆர்கன்சா பக்கம் ரயில்வே வேலைல இருந்தவரு, 1971ல இருந்து பைப் புடிக்கற ஒரு கவ்பாய் மூஞ்சிய வேகன் வேகனா வரைஞ்சிட்டே இருந்தாரு. ஸ்ப்ரே பெயிண்ட் ஆளுங்க வேற கூட்டம். அவங்க நியூயார்க் சப்வேல, அதாவது அந்த ஊரு பாதாள ரயில்ல ஆரம்பிச்சவங்க. அங்க ட்ரெயின துடைச்சு துடைச்சு கடைசியில 1989 மே 12ல, இனி கிராஃபிட்டி, அதாவது இந்த மாதிரி கிறுக்கின எழுத்து, படம் இருக்கற ஒரு பெட்டியும் ஓடாதுன்னு அறிவிச்சுட்டாங்க. போட்ட உடனே அழிச்சா யாருக்குங்க போடத் தோணும், அப்படியே கூட்ஸ் பக்கம் நிறைய பேரு திரும்பிட்டாங்க. கூட்ஸ்ல போட்டா வருஷக்கணக்கா நிக்கும், கனடா வரைக்கும், மெக்சிகோ வரைக்கும் ஓசியில சுத்தும். எவனோ ஒருத்தன் ரெண்டாயிரம் மைல் தள்ளி கேட்ல நின்னு போட்டோ எடுப்பான், வரைஞ்சவன் அந்த வேகன மறுபடி வாழ்நாள்ல பாக்கவே மாட்டான்.

இப்ப என்ற தொழில் கண்ணுல சொல்றேன். எழுத்து நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னுதான் சொல்லோணும், அதுல எனக்கு வெக்கமில்ல. வேகன் பக்கவாட்டு தகடு சமமா இருக்காது, ரிப் ரிப்பா எழும்பியிருக்கும், ரிவெட் இருக்கும், துரு இருக்கும், ராத்திரி வெளிச்சம் கிடையாது, ஏணியும் கிடையாது, எட்டி நின்னு பாக்கறதுக்கு பக்கத்துத் தண்டவாளத்துல இன்னொரு வண்டி நிக்கும். அப்படி இருந்தும் நாப்பது அம்பது அடி நீளத்துக்கு எழுத்தோட சாய்மானம் மாறாம அவுட்லைன் இழுக்கறான் பாருங்க, ஸ்ப்ரேல அவுட்லைன் கை நின்னா ஒழுகிரும், வேகமா போனா வெளுத்துரும், நான் முப்பது நம்பர் பிரஷ் புடிச்சு பழகினவன், எனக்கே அத பாத்தா மலைப்பா இருக்கும். அதே சமயம் முக்காவாசி குப்பைங்க. பேர கிறுக்கிட்டு போறது, இன்னொருத்தன் நல்லா போட்டிருக்கறது மேலயே இவன் கோடு இழுத்துட்டு போறது, அதுக்கெல்லாம் கலைன்னு வக்காலத்து வாங்க என்னால ஆகாது.

ஆனா நான் அழகு வெச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன். வேகன்ல ஒரு எடத்துல நம்பர் இருக்கும் பாத்திருப்பீங்க. அங்க கம்பெனி எழுத்தும் நம்பரும், பக்கத்துலயே காலி எடை எவ்வளவு, எவ்வளவு லோடு ஏத்தலாம்ங்கறதும் இருக்கும். விவரம் தெரிஞ்ச கிராஃபிட்டி ஆளுங்க அத மட்டும் தொட மாட்டாங்க. நம்பர சுத்தி கட்டம் கட்டுன மாதிரி விட்டுட்டு போட்டிருப்பாங்க, போட்டோவுல நல்லா கவனிங்க. மரியாதைன்னு நினைக்காதீங்க, அதுல அவங்க லாபமும் இருக்குது, நம்பர மூடினா கம்பெனிக்காரன் அந்த எடத்துல பெயிண்ட ஒரு பட்டை அடிச்சு மறுபடி நம்பர் போடுவான், படம் போச்சு. எப்படியோ, என்ற கோடு அங்கதான் இருக்குது. அந்த வேகன வெச்சு வேல செய்யற ஆளுக்கு இடைஞ்சல் ஆச்சா இல்லையா, அதத்தான் நான் பாப்பேன்.

சங்ககிரில, நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறைல போய் பாருங்க. கழுகு, பூ, மயிலு, ஓனரு பேத்தி பேரு வரைக்கும் எல்லாம் எழுதுவோம், நம்பர் பிளேட்ல, லோடு எடை எழுதற எடத்துல ஒரு இலை கூட போக வுட மாட்டோம். செக்போஸ்ட்ல அத படிச்சே ஆகோணும். ரயில்லயும் அதேதான், இன்னும் எச்சா. நம்ம ஊர் வேகன்ல பதினொரு இலக்கம் இருக்கும். மொத ரெண்டு என்ன வகை வேகன், அடுத்த ரெண்டு எந்த ரயில்வே, அடுத்த ரெண்டு கட்டுன வருஷம், அப்பறம் நாலு அந்த வேகனோட சொந்த நம்பரு, கடைசி ஒண்ணு நம்பர் தப்பா எழுதிட்டாங்களான்னு சரிபாக்கறதுக்கு. அடுத்து எப்ப ஓவர்ஹாலுக்கு வரோணும்ங்கற தேதியும் பக்கத்துலயே இருக்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வர்ற வண்டியா இருந்தாலும் சரி, பெட்ரோல் ஏத்திட்டுப் போற டேங்கரா இருந்தாலும் சரி, ராத்திரி டார்ச் அடிச்சுட்டு நடந்து பாக்கற எக்ஸாமினருக்கு அதுதான் ஜாதகம். அந்த மனுசன் கண்ண கட்டுன மாதிரி மேல பெயிண்ட் அடிச்சா, அது எவ்வளவு நல்ல ஓவியமா இருந்தாலும் எனக்கு நாசந்தான்.

இன்னொண்ணும் இருக்குது. அமெரிக்காவுல 2005ல ஒரு விதி கொண்டாந்தாங்க, வேகன் பக்கத்துல மஞ்சளோ வெள்ளையோ வெளிச்சம் பட்டா மின்னற டேப் ஒட்டோணும்னு. ஏன்னா கேட் இல்லாத கிராசிங்ல ராத்திரி போறவனுக்கு கருப்பா போற கூட்ஸ் தெரியாது, நேரா அதுலயே போய் மோதுவான். அந்த டேப் மேல பெயிண்ட் அடிச்சா மின்னாது. இத கலைன்னு பேசறவங்க யாரும் இத பத்தி பேசறதே இல்ல.

இனி ஈரோடு யார்டு. தம்பி, உனக்கு மேல பாக்கத் தெரியுதா? அமெரிக்காவுல கூட்ஸ் ஓடற லைன்ல பெரும்பாலும் மேல கரண்டு கம்பி கிடையாது, டீசல்தான். நம்மூர்ல வேகனுக்கு மேல ஓடறது இருபத்தஞ்சாயிரம் வோல்ட். கம்பிய தொடோணும்னு கூட இல்ல, கிட்ட போனாலே இழுத்துரும், ரெண்டு மீட்டர் தள்ளியே இருக்கோணும்பாங்க. நின்ன வேகன் மேல ஏறி செல்ஃபி எடுக்கப் போய் பசங்க செத்த சேதி அடிக்கடி வருது. வேகன் உயரத்துக்கு எழுத்து போடோணும்னு பக்கத்துல ஏறி நின்னு கைய தூக்குனா முடிஞ்சுது.

சட்டமும் இருக்குது. ரயில்வே சட்டம் 1989ல 147வது பிரிவு, அனுமதி இல்லாம ரயில்வே எடத்துக்குள்ள போனாலே ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோ. 166வது பிரிவு அப்படியே நான் சொன்ன விஷயந்தான், வண்டி மேல இருக்கற எழுத்தையோ இலக்கத்தையோ அழிச்சாலோ மாத்துனாலோ ஒரு மாசம் வரைக்கும், இல்ல ஐநூறு ரூபா வரைக்கும், இல்ல ரெண்டும். தண்டனை சின்னதுன்னு நினைச்சுக்காதீங்க, பொதுச்சொத்து சேதம்னு 1984 சட்டத்துல ஒரு கேஸ் சேத்தி போட்டா, அப்பறம் வேலைக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது தெரியும்.

நம்ம பக்கத்துல நடக்காததும் இல்ல. 2022ல இந்தக் கொச்சி மெட்ரோ, முட்டம் யார்டுக்குள்ள பூந்து பெட்டியில எழுதிட்டு போயிட்டாங்க, அதே வருஷம் அகமதாபாத் மெட்ரோல எழுதுனாங்கன்னு இத்தாலிக்காரங்க நாலு பேர புடிச்சாங்க. சிங்கப்பூர்ல 2010ல ஒரு ஸ்விஸ் ஆளுக்கு ட்ரெயின்ல எழுதுனதுக்கு ஜெயிலோட பிரம்படியும் குடுத்தாங்க. அந்த பிரம்படி ரொம்ப ஓவருன்னுதான் எனக்கும் படுது, அது வேற விஷயம்.

கேட்டுட்டு செஞ்சா நெலமையே வேற. 2018ல பீகார் சம்பர்க் கிராந்திங்கற ரயிலோட பெட்டிங்க மேல ரயில்வேயே மதுபனி ஓவியம், அதாவது அந்தப் பக்கத்து நாட்டுப்புற ஓவியம் போட வெச்சாங்க, அதுக்கு முன்னாடி மதுபனி ஸ்டேஷன் சுவர ஒட்டுக்கா அந்த ஊர்க்காரங்களே வரைஞ்சாங்க. நம்ம கோயமுத்தூர் உக்கடத்துல ஹவுசிங் போர்டு சுவர்ல மாடி உயரத்துக்கு வரைஞ்சிருக்காங்க, ஒரு தடவ போய் பாரு. நியூயார்க்ல ஒரு கட்டடத்து ஓனர் அனுமதி குடுத்து வரைய வுட்டுட்டு, 2013ல ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சுட்டாரு, கோர்ட்டு 2018ல 45 ஓவியத்துக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை லட்சம் டாலர் குடுக்கச் சொல்லிருச்சு. அனுமதியோட போட்டவனுக்குத்தான் அப்படி போய் கேக்கற தெம்பு.

அதனால யார்டுக்கு போகாத. கை ஊறுதுன்னா பழைய தகரம், டிரம்மு, வேகன் மாதிரியே ரிப் வெச்ச ஷீட்டு பழைய இரும்புக் கடைல கிலோ கணக்குல கெடைக்கும், வாங்கி அதுல போட்டு பழகு, போட்டோ அனுப்பு, அவுட்லைன் எப்படி இருக்குதுன்னு நான் பாத்துச் சொல்றேன். அடுத்த கேள்வி, பல்லடத்துல இருந்து, கடை ஷட்டர்ல எனாமல் ஆறு மாசத்துலயே உரியுதுன்னு கேட்டிருக்காங்க.