கொள்ளென்றால் வாய் திறக்கும் குதிரை

தலைமை வகிக்கும் கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் உதவிப் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, நடுச்சாமத்திலும் தொலைபேசியில் மாட்டுக்கு மருந்து சொல்லும் கால்நடை வைத்தியர் ஐயா அவர்களே, அதிபர் அவர்களே, கமக்காரர் அமைப்புத் தலைவர் அண்ணா, கிராம அலுவலர் தம்பி (யாரையாவது விட்டிருந்தால் தேத்தண்ணி நேரத்தில் ஏசுங்கள்), இன்றைய மாட்டுவண்டிச் சவாரியில் வென்ற, தோற்ற, மாடு வெருண்டு வயலுக்குள் போன பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குதிரையேற்றப் போட்டிகளில் எங்கள் இளையவர்கள் பங்குபற்ற வேண்டும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. “வன்னியில் குதிரை எங்கே? வேட்டைத் திருவிழாவில் வரும் மரக்குதிரைதானே” என்று என் மனைவியே சிரித்தா. சரி, மூன்று விஷயம் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா, யார் யார் ஏறலாம், குதிரையின் தீனுக்கு எங்கே போவது.

முதலில் ஒரு கதை. சின்ன வயதில் மாமாவோடு நெடுந்தீவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனேன். அங்கே கட்டைக்குதிரைகள் காவலில்லாமல் திரியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. மாமா சவாரிக்காரர். எந்த நாம்பன் மாட்டையும் அடக்கியவர் என்ற எண்ணம் அவருக்கு. பட்டுவேட்டியோடு போய் ஒரு பனம்பழத்தை நீட்டினார். குதிரை வந்து, நார் தாடையில் வழிய வழியச் சூப்பியது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கயிற்றை மெல்ல எடுத்தார். அவ்வளவுதான்! கயிற்றைக் கண்டதும் பழத்தை விட்டு வேட்டியைக் கடித்தது. ஒரே இழுவை. குதிரை வேட்டியோடு தரவையைத் தாண்டிப் போக, மாமா கல்வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து, “தம்பி, ஓடிப்போய் ஒரு சாரம் வாங்கி வா” என்று கத்தினார். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் மாமன் சாரத்தோடு நின்றதை அந்தப் பகுதி மறக்கவில்லை. கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும். பழமொழி சொன்னவனும் வேட்டியைப் பறிகொடுத்தவனாகத்தான் இருப்பான்.

தகுதிக்கு வருவோம். இரண்டு மாட்டின் மனதை ஒரு கயிற்றில் பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு குதிரையின் மனம் பிடிபடாதா? ஆனால் ஒன்று. மாட்டைக் குத்தத் துவரந்தடியில் ஆணி வைப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். குதிரையைச் சொன்னபடி அழகாக அடியெடுத்து வைக்கச் செய்யும் டிரெசாஜ் போட்டியில் குதிரையின் உடம்பில் புதிய இரத்தம் கண்டால் ஆளை வெளியேற்றிவிடுவார்கள்.

யார் ஏறலாம்? ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் மோதுகிற விளையாட்டு இது. 1952இல் ஹெல்சிங்கியில் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் டிரெசாஜில் வெள்ளி வென்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். போர்க்காலச் செல்லடியில் காலிழந்தவர்கள் இல்லாத தெரு எங்கள் ஊரில் உண்டா? அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். டோக்கியோவில் இலங்கைக்காகக் குதிரையோடு தடை தாண்டிய மத்தில்டா கார்ல்சனும் பெண்தான். இங்கே பிறந்து சுவீடன் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருக்கு முன் இந்த விளையாட்டில் இலங்கையர் யாரும் ஒலிம்பிக்குக்குப் போனதில்லை.

அப்புறம், குதிரைக்குத் தீன்? ஒரு பெரிய குதிரைக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். இருக்கிற மாட்டுக்கே இங்கே புல் இல்லையே! காலபோகம், அதாவது மாரிகால நெல், விதைத்தால் வயலுக்குள் மாடு போகமுடியாது. காட்டோரம் போனால் எல்லைக்கல். குளத்தடியில் தண்ணீர் ஏறிவிடும். போன மாரியில் என் பசு ஒன்று, கன்றோடு, தெருவோரப் பொலித்தீனைத் தின்று செத்தது. மேய்ச்சல் தரை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நாலு தரம் மனு கொடுத்தேன். பால் உற்பத்தியைக் கூட்டுங்கள் என்று கூட்டம் வைக்கிறார்கள், வடையும் தருகிறார்கள். தரை எங்கே என்றால் மௌனம். கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால்… நீங்களே சொல்லுங்கள்! உதவிப் பிரதேச செயலாளர் அம்மா, உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் போன மாதம்தான் வந்தீர்கள்.

தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். பரிசு கொடுக்க வேண்டும், மாடுகளும் வெயிலில் நிற்கின்றன. ஐந்தாவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள், பேனை என் மகளிடம்.