இந்த வேலைக்கு நான் சரிப்படுவேனா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட், நம் ஊர்ப் பேச்சில் 'கேட்டரிங்', படிக்கிற பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொள்வது பெரும்பாலும் ஓட்டல் டிரெய்னிங்கில்தான். சென்னைத் தரமணி, திருச்சி துவாக்குடி அரசு நிறுவனங்களில் படித்தாலும், தனியார் கல்லூரியில் படித்தாலும், சில மாதங்கள் கிச்சன், சர்வீஸ் (பரிமாறுவது), ஃபிரண்ட் ஆபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) என்று நான்கு பிரிவுகளையும் சுற்றி வர வேண்டும். முதலில் எந்தப் பிரிவு வாய்க்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் பலர் முதல் பத்து நாளிலேயே 'இது நமக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் நின்று பழகாத கால் வீங்கிக் கிடக்கும் நாட்கள் அவை. அது கால் எடுக்கிற முடிவு. இரண்டு மூன்று வாரத்தில் கால் பழகிவிடும்.

ஹவுஸ்கீப்பிங்கையே பாருங்கள். தேர்ந்த ஊழியர் ஒரு ஷிப்டில் 14, 15 அறைகளை முடிப்பார். விருந்தினர் காலி செய்த அறைக்கு அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். புதிதாக வந்த மாணவருக்கு ஒரே அறைக்கு ஒரு மணி நேரம். ஏன்? ஒரு கட்டிலுக்குப் படுக்கை விரிப்பு ஒன்று, டூவே கவர் (தடித்த போர்வையின் உறை) ஒன்று, தலையணை உறை நான்கு. குளியலறைக்குப் பெரிய துண்டு இரண்டு, கைத்துண்டு இரண்டு, கால்மிதித் துண்டு ஒன்று. மொத்தம் பதினொன்று. இதை ஒரே நடையில் எண்ணி எடுக்காமல் டிராலிக்கு ஆறு தடவை நடக்கிறார். இன்னொன்று, கழிப்பறைக் கோப்பையில் ஆர்-6 என்ற கழிப்பறைத் துப்புரவுத் திரவத்தை முதலில் ஊற்றிவிட்டுக் கட்டிலுக்கு வர வேண்டும். கட்டில் முடிவதற்குள் அங்கே கறை ஊறியிருக்கும். கட்டிலை முடித்துவிட்டு ஊற்றுகிறவர், அது ஊறும்வரை காத்து நிற்க வேண்டியதுதான்.

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி கேட்கும் லாக் புக் வேறு, அதில் எல்லோரும் அழகாகத்தான் எழுதுவார்கள். இதில் அன்றைக்குச் செய்த வேலை, ஆன நிமிடம், சூப்பர்வைசர் திருப்பிச் செய்யச் சொன்னது எது, அது ஷிப்டின் எத்தனையாவது மணி. இந்த நான்கு மட்டும் போதும். முதல் வாரம் 60 நிமிடம், நான்காம் வாரம் 38 என்றால் கை தேறி வருகிறது. நிமிடம் குறையாமல், அதே தவறும் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது யோசிக்கலாம். துப்புரவு ரசாயனம் பட்டுக் கையுறை போட்டும் தோல் தடித்தால் அதைப் பழக்கத்துக்கு விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிச்சனுக்கு ஆசைப்படுகிறவர்கள் கல்லூரி பிராக்டிகல் மார்க்கை நம்பி வருகிறார்கள். அங்கே நான்கு பேருக்கான மெனு. இங்கே முதலில் கைக்கு வருவது வெங்காய மூட்டை. சமைக்கப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள்; ஐந்தாவது கிலோவிலும் துண்டு அதே அளவில் விழுகிறதா என்று பாருங்கள். கிரேவியைச் சீக்கிரம் ஆறவைத்து, தேதி ஒட்டி, 5 டிகிரிக்குக் கீழே வைக்கிற வேலையை யாரும் சொல்லாமலே செய்கிறீர்களா என்றும் பாருங்கள். 5 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகும் என்று பரீட்சையில் எழுதியவர்தான் இரவு 11 மணிக்குப் பாத்திரத்தை மேடையிலேயே விட்டுப் போகிறார்.

ஃபிரண்ட் ஆபீஸ் என்றாலே ஆங்கிலப் பயம். என் கணக்கில் ஆங்கிலம் இரண்டாவது. செக்-இன் மதியம் 2 மணி, விருந்தினர் காலை 9 மணிக்கே பெட்டியோடு நிற்கிறார், தொலைபேசியும் அடிக்கிறது. அந்த நேரத்திலும் முகம் மாறாமல், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப மறக்காதவர்தான் அங்கே நிலைப்பார். 'பெண் பிள்ளைக்கு ரிசப்ஷன், பையனுக்குக் கிச்சன்' என்று வீட்டில் பங்கு பிரித்து வைப்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

பிரேக் ஷிப்டையும் கணக்கில் எடுங்கள். 11 முதல் 3 வரை, மறுபடி 7 முதல் 11 வரை. நடுவில் நான்கு மணி நேரம் எங்கே இருப்பீர்கள், 11 மணிக்கு மேல் பஸ் உண்டா? வேலை பிடித்திருந்தும் விட்டுப் போகிறவர்கள் சொல்லும் காரணம் பல நேரம் இதுதான்.

டிரெய்னிங் முடியும் வாரத்தில் சூப்பர்வைசரிடம் 'நான் எப்படி?' என்று கேட்டால் 'நல்லா பண்றே' என்பார். அதற்குப் பதில், 'சார், நாளைக்கு ஒரு ஷிப்டை என்னை நம்பித் தனியாக விடுவீர்களா? விடமாட்டீர்கள் என்றால் எந்த வேலைக்காக?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் வேலையின் பெயரை அந்த நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் நிமிடக் கணக்கை வைத்துப் பாருங்கள்.

வணக்கம்.